மூக்கன் வாங்கிய திட்டு

"டேய் மூக்கா! மண்டையில இருக்கறது மூளையா, களிமண்ணா? நூலை முதல்ல மேல் கொக்கியில மாட்டுடா!"

பாலக்கரைத் தெருவே கேட்கும்படி, சுவருக்கு அந்தப் பக்கம் தையல்கடை அப்துல் சலாம் ஆரம்பித்துவிட்டார். ஜீனத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்கு வந்த ஆளை இப்படியா கரித்துக் கொட்டுவது? மனுஷனா இவர்!

அவளுக்கு ஏற்கெனவே ஆயிரம் கவலை. ஆசையாகச் சீமைக் கைத்தையல் மிஷின் வாங்கி வந்த கணவன், மறுவாரமே மௌத்தாகிவிட்டான். இப்போது அவள் இத்தா இருக்கிறாள்; புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள். அது முடியும்வரை வெளியே போகக் கூடாது, அசலார் ஆண்களிடம் பேச்சே கூடாது. இந்த லட்சணத்தில் கொழுந்தன் முகம்மது கனி, திரைக்கு வெளியே நின்று கெடு வைத்துவிட்டுப் போனான்.

"இத்தா முடியறதுக்குள்ள ஒரு சட்டை தைச்சுக் காட்டுங்க, மச்சி. இல்லேன்னா மிஷினை வித்துட்டு, புள்ளையோட உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுங்க. பக்கத்திலேயே தையல்கடை. உங்ககிட்ட யாரு வரப்போறா?"

அண்ணன் வீட்டில் அண்டிக் கிடப்பதா? தைத்தே தீருவது என்று உட்கார்ந்தாள்.

மிஷினோடு தமிழில் ஒரு புத்தகம் வந்திருந்தது. அதில் படம் ஒரு பக்கம், விளக்கம் அதன் மறுபக்கம். படத்தைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பினால் படம் மறந்தது. விளக்கத்தைப் படித்துவிட்டு நூலை எடுத்தால் விளக்கம் மறந்தது. மேல் கொக்கியில் மாட்டி... அப்புறம்? அப்புறம் ஒன்றுமே நினைவில்லை.

"இப்ப வட்டத் தகட்டுக்கு நடுவுல கொண்டு வா. அவசரப்படாதேடா எருமை!"

ஜீனத் நிமிர்ந்தாள். அடடே, புத்தகத்தில் இருப்பது அதேதான்! இனிமேல் தாளைத் திருப்புவானேன்? படத்தை விரித்து எதிரே வைத்தாள். கண் படத்தில், கை நூலில், காது சுவரில்.

அன்றிலிருந்து அங்கே மூக்கனுக்குத் திட்டு விழ விழ, இங்கே இவள் தேறினாள். அவனும் இவளைப் போலவே மரமண்டை போலிருக்கிறது. இவளுக்கு நூல் அறுந்து மிஷின் நின்றால், அங்கேயும் "அறுத்துட்டியா? சக்கரத்தை உன் பக்கமாச் சுத்துடா!" என்று சத்தம் கேட்கும். அவன் வாங்கும் திட்டில் தான் படிக்கிறோமே என்று அவளுக்கு உறுத்தியது. தொழுகையில் அவனுக்காக துஆகூடக் கேட்டாள்.

இத்தா முடிந்தது. சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்த கனியால் ஒரு குறை சொல்ல முடியவில்லை. மிஷின் வீட்டிலேயே தங்கியது.

ஜீனத் முதல் வேலையாக அடுத்த வீட்டுக்குப் போனாள். சலாமின் மனைவி ஷரீபா கஷாயம் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்குத் தொண்டை கட்டிடுச்சு. உட்காரு ஜீனத்."

கட்டாமல் என்ன செய்யும் என்று நினைத்துக்கொண்டாள் ஜீனத்.

"லாத்தா, தப்பா நினைக்காதீங்க. அந்த மூக்கனை அவங்க அப்படித் திட்டக் கூடாது. பாவம், அவனும் மனுஷன்தானே?"

ஷரீபா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எந்த மூக்கன்? எங்க கடையில அவங்களை விட்டா ஈ காக்கா கூடக் கிடையாது! உன் கொழுந்தன் கெடு வச்சதும், உன் மிஷின் நின்னு நின்னு ஓடறதும் இங்க கேட்டுச்சு. இத்தாவுல இருக்கற பொண்ணுகிட்டப் பேசக் கூடாதுல்ல? அதான், இத்தனை நாளும் சுவத்தைத் திட்டிக்கிட்டு இருந்தாங்க."