நான்காவது பை

“இது மூணாவது பை. இதோட போதும் சார்” என்றாள் ரத்த வங்கி நர்ஸ்.

“போதாதும்மா. அடுத்த வாரம் நாலாவதுக்கு வரேன், எழுதிக்கோ” என்றார் பெரியவர், கையிலிருந்த ரப்பர் பந்தை விடாமல் பிசைந்தபடி.

அவருக்கு இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷன். அன்றைக்கு ஏற்றிக்கொள்ளத் தன் ரத்தத்தையே முன்கூட்டிக் கொடுத்து வைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு பை. மனிதரோ மூன்று வாரமாக இரும்புச்சத்து மாத்திரையை மிட்டாய் மாதிரி தின்றுவிட்டு வந்து கையை நீட்டுகிறார். வந்ததும் குளிர்பெட்டியைத் திறக்கச் சொல்லி, பழைய பைகளை நலம் விசாரிக்காத குறையாகப் பார்க்கிறார்.

இதில் கூத்து என்னவென்றால், ஆபரேஷன் செய்யப் போகிறவர் அவருடைய சொந்த மாப்பிள்ளை.

நர்ஸ் படிவத்தைப் புரட்டினாள். தொழில் என்ற இடத்தில் ‘ஆசிரியர், ஓய்வு’ என்றிருந்தது. வாத்தியார்கள் என்றாலே எதிலும் சந்தேகம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

“மாப்பிள்ளை மேல நம்பிக்கை இல்லையா சார்?”

“மெதுவாப் பேசும்மா. என் பொண்ணு காதுல விழுந்தா என்னை வீட்டை விட்டே துரத்திடுவா.”

“அப்ப வேற டாக்டர்கிட்ட போயிடுங்களேன்.”

“போனா மாப்பிள்ளை முறுக்கிக்குவார். அப்புறம் பொண்ணு பெட்டியோட வந்து நிப்பா.” சொல்லும்போதே பந்தை இன்னும் வேகமாகப் பிசைந்தார். உயிர் பயம், பாவம்.

நர்ஸுக்கு மனசு இளகிவிட்டது. உடம்பில் எத்தனை லிட்டர் ரத்தம் ஓடுகிறது, ஆபரேஷனில் எவ்வளவு போகும், எப்படி ஊறும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினாள். அவரும் சமர்த்தாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“உங்க மாப்பிள்ளை என்ன சாதாரண ஆளா சார்? மெடிக்கல் காலேஜ்ல, ஆபரேஷன் பரீட்சையில தொண்ணூறு மார்க்! சர்டிபிகேட்டைச் சட்டம் போட்டு ரூம்ல மாட்டியிருக்காரே, பார்த்ததில்லையா?”

பெரியவர் பந்தைக் கீழே வைத்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் பக்கம் சாய்ந்தார்.

“அந்தத் தொண்ணூறைப் போட்டவனே நான்தாம்மா, கல்யாணப் பத்திரிகை அடிச்சாச்சேன்னு!”