நான்காவது மெக்கானிக்

தாம்பரத்தில் மூன்று மெக்கானிக்குகள் ஒரே பதிலைச் சொல்லிவிட்டார்கள். வில்பிரட்டுக்கு எரிச்சல் தாங்கவில்லை. ஸ்போர்ட்ஸ் காரை குரோம்பேட்டை குப்புராஜின் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுவந்தார்.

குப்புராஜ் முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கில் இருந்த கோடுகளை நகத்தால் கீறிப் பார்த்தார்.

"நகமே மாட்டல சார். பிரேக் புடிச்சா இந்த மாதிரி கோடு விழத்தான் செய்யும். நார்மல்."

"நல்லாப் பாருய்யா! நாளைக்குச் சோழவரத்துல ரேஸ்."

"தாராளமா ஓடும்."

"நடுவுல பிரேக் புடிக்கலேன்னா? வேணாம்னு சொல்லேன்!"

"இன்னா சார் பேஜார்? நல்லா கீற வண்டிய எப்படி வேணாம்னு சொல்றது? அவ்ளோ பயமா இருந்தா நீ ஓட்டாத சார்."

"நான் எங்கய்யா ஓட்டறேன்?" என்று வெடித்தவர், தெருவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னா கேக்க மாட்டேங்கறா. மெக்கானிக் வேணாம்னு சொன்னா மட்டும் போகலையாம்."

எதிர்க்கடையில் சோடா குடித்துவிட்டு, கையில் ஹெல்மெட்டோடு வந்தாள் அவர் மகள் கிருபா.

"என்னப்பா சொன்னார்?"

ஒரே ஒரு பொய் போதும். வில்பிரட்டுக்கு நாக்கு எழவில்லை.

"நார்மலாம்" என்று கடுப்போடு சொல்லி, சாவியை அவளிடம் நீட்டினார்.