புளிப்புச் செர்ரி சொன்ன பொய்

மலைத் தோட்டமொன்றில் இனிப்புச் செர்ரியும் புளிப்புச் செர்ரியும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. கொண்டைக்குருவிகள் எப்போதும் இனிப்புச் செர்ரியையே மொய்த்ததால் புளிப்புச் செர்ரிக்கு வயிறு எரிந்தது.

பூக்கும் காலத்தில் அது தேனீக்களிடம், “அவ பக்கம் போகாதீங்க, மருந்து அடிச்சிருக்காங்க” என்றது. தேனீக்களும் நம்பிவிட்டன. இனிப்புச் செர்ரியில் ஒரு பிஞ்சுகூடப் பிடிக்கவில்லை.

பழம் பழுக்கும் நேரத்தில் பசியோடு வந்த குருவிகள் வேறு வழியில்லாமல் புளிப்புச் செர்ரியில் இறங்கின. அதற்குத் தலைகால் புரியவில்லை. சாயங்காலத்துக்குள் கிளைகளில் வெறும் கொட்டைகள்தான் தொங்கின.

மறுநாள் தோட்டத்துச் சொந்தக்காரி எஸ்தரம்மா கூடையோடு வந்தார். புளிப்புச் செர்ரியை அண்ணாந்து பார்த்துவிட்டு, வெறுங்கூடையோடு திரும்பிப் போனார்.

“ஊறுகாய் போட வருஷா வருஷம் உன்னைத்தானேக்கா தேடி வருவாங்க?” என்றது இனிப்புச் செர்ரி. “அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும், தெரியுமா?”