ஞாயிறு லீவு போடும் நட்சத்திரம்

மதியம் ஒன்று பத்து. முப்பத்தோராம் பெட்டி மறுபடியும் கிறுக்குப் பிடித்தாற்போல் எண்ண ஆரம்பித்தது.

பிரவின்குமார் திரையைப் பார்த்தபடி தலையில் கைவைத்தான்.

மலைமேல் அந்த ஆய்வுக்கூடத்தைச் சுற்றி நூறு பெட்டிகள். விண்வெளியிலிருந்து பாயும் ஒரு துகள் காற்றில் மோதிச் சிதறி, லட்சம் துகள்களாக மழைபோல் இறங்கும். அதை எண்ணுவதுதான் பெட்டிகளின் வேலை.

மழை என்றால் எல்லாப் பெட்டியும் நனைய வேண்டும். வேலியோரத்து முப்பத்தோராம் பெட்டி மட்டும் நனைகிறது. தினமும் சொல்லி வைத்தாற்போல் அரை மணி நேரம்.

ஒயரை மாற்றினான். கருப்பு டேப்பைச் சுற்றினான். பெட்டியையே மாற்றிப் பார்த்தான். ம்ஹூம்.

ஒன்பது நாளாக இந்தக் கூத்து. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை.

"ஏனுங்க தம்பி, ஞாயித்துக்கெழம லீவு போடற நட்சத்திரம் எந்த ஊருல இருக்குதுங்க?"

தலைவர் ரங்கராஜ் கேட்டதும் கூடமே சிரித்தது. சாயங்காலத்துக்குள் காரணம் சொல்ல வேண்டும்.

காரணம் தெரியாத விஷயம் அவனுக்கு இன்னொன்றும் இருந்தது. கயல்விழி.

நூலகத்தில் வேலை பார்க்கும் தாராபுரத்துப் பெண். "உங்க ஊட்டுல வந்து பேசட்டுங்களா?" என்று அவன் கேட்டதற்கு, ஊருக்குப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்று சிரித்துவிட்டுப் போனவள்.

வந்துவிட்டாள். பதில் வரவில்லை.

அவன் தட்டிலிருந்தே அப்பளத்தை எடுத்துத் தின்றவள், இப்போது கேன்டீன் பக்கமே வருவதில்லை. எதிரே வந்தால் பத்தடிக்கு முன்பே நின்றுவிடுகிறாள். பிடிக்கவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லலாமே?

ஒன்பது நாள் வரைபடத்தையும் அச்செடுத்துக்கொண்டு வேலியை நோக்கி நடந்தான்.

பெட்டியில் சாய்ந்தபடி கயல்விழி உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் பாக்ஸ்.

அவனைக் கண்டதும் பதறி எழுந்தாள்.

"அங்கயே நில்லுங்க! கிட்ட வராதீங்க!"

நின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தான்.

அப்போதுதான் அது கண்ணில் பட்டது. முதல் நாள் எகிறிய அளவு மறுநாள் இல்லை. நாளுக்கு நாள் தேய்ந்து, நேற்று பாதிக்கும் கீழே.

இப்படித் தேய்கிற ஒன்றை அவன் பார்த்திருக்கிறான். பீளமேட்டில் படித்தபோது ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போய்க் காட்டினார்கள். தைராய்டு நோய்க்குக் கொடுக்கிற கதிரியக்க மருந்து. குடித்தவரின் உடம்பே சில நாட்கள் கதிர் வீசும். அதுவரை யாரையும் பக்கத்தில் சேர்க்கக் கூடாது.

வரைபடத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். ரங்கராஜிடம் என்ன சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை.

நின்ற இடத்திலேயே, பத்தடி தள்ளி, புல்லில் உட்கார்ந்தான்.

"இன்னும் பதினஞ்சு நாளு ஆகுமுங்க. அப்பறமா பக்கத்துல வந்து உக்காரட்டுங்களா?"

அவள் டிபன் பாக்ஸை மூடினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"பதினஞ்சா? டாக்டரு இன்னும் ஒரு வாரம்னுதானுங்க சொன்னாரு."