வெள்ளித் திரை

மணி பத்து. மூன்றாவது நாளாக என் கணவன் எலோய் கணவாயின் ஓரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, மூடுபனியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறான். கேம்பர் வேனின் படியில் நான். எதிரே வெறும் வெள்ளை. காயாத காலுறைகள் ஸ்டியரிங்கில் தொங்குகின்றன. “மலை அங்கதான் இருக்கு,” என்று விரலை நீட்டுகிறான். “நேத்தும் இதையேதான் சொன்னே. மத்தியானம் மாட்ரித்துக்குக் கிளம்பணும், ஞாபகம் இருக்கா?” பனிக்குள் முதலில் மணிச் சத்தம், பிறகு வட ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் மலைப்பகுதிக்கே உரிய பழுப்பு மாடுகள், கடைசியில் கோலோடு மேய்ப்பர் பெலார்மினோ. “இந்த மலை எப்பதான் கண்ணுல படும்?” என்று அவரிடம் எரிந்து விழுகிறேன். “தினமும் படுதேம்மா! விடிஞ்சா ஒன்பது வரைக்கும் பளிச்சுன்னு நிக்கும், அப்புறம்தான் பனி ஏறும். இன்னிக்கும் பாத்தேன். உங்க வண்டிதான் கண்ணை மூடிக்கிட்டுத் தூங்குச்சு.” திரும்பிப் பார்க்கிறேன். முன்கண்ணாடியை அடைத்து எலோய் இரவுதோறும் மாட்டும் வெள்ளித் திரை இன்னும் அப்படியே இருக்கிறது. ஒன்பதரைக்கு முன்னால் கதவைக்கூடத் திறக்க விடமாட்டான், சூடு போய்விடுமாம். பல்லைக் கடித்துக்கொண்டு அவனைப் பார்க்கிறேன். அவன் முகமெல்லாம் மலர்ந்திருக்கிறது. “நான்தான் சொன்னேனே,” என்கிறான், “மலை அங்கதான் இருக்குன்னு.”