மாயழகு வயலில் மட்டும் புழு

செவந்தி மந்தைக்குப் பின்னால்தான் நடப்பாள். வழிகாட்டுவது ஆடுகளின் கழுத்துப்பட்டை. எந்தத் தீவனப் பயிரில் புழு விழுந்தாலும் பட்டையிலுள்ள கருவி மோப்பம் பிடித்து, கத்தித் திசை காட்டிவிடும். ஆடுகள் போய் இலையோடு புழுவையும் மேய்ந்துவிடும். மருந்தடிப்பதை ஊரே மறந்துவிட்டது.

ஆனாலும் மாயழகின் குதிரைமசால் வயலில் மட்டும் வாராவாரம் புழு. மந்தை வரும்போதெல்லாம் அவன் தலைவாரி, சலவைச் சட்டையோடு வரப்பில் நிற்பான்.

ஒருநாள் செவந்தி கொஞ்சம் முன்னதாகவே வந்துவிட்டாள். மாயழகு டிபன் பாக்ஸைத் திறந்து பயிரில் புழுக்களைக் கொட்டிக்கொண்டிருந்தான்.

"இம்புட்டுப் பாடு எதுக்கு? வீட்டுக்கு வந்து பொண்ணு கேக்க வேண்டியதுதானே?"

டிபன் பாக்ஸ் கைநழுவி விழுந்தது.

மறுவாரம் அந்த வயலில் ஒரு புழுகூட இல்லை. பட்டைகள் வேறு திசையைக் காட்டிக் கத்தின. செவந்தி அவற்றைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மந்தையை மாயழகின் வயலுக்கே ஓட்டினாள்.