பத்தடி பின்னால்

திருவனந்தபுரத்தில் புது மந்திரிசபை அமைந்தது. வக்கீல் குட்டன் பிள்ளைக்குப் போலீஸ் இலாகா என்று கேள்விப்பட்டதும் வலியசாலை சேஷன், எதிர்வீட்டு நாகேஸ்வரனிடம் ஓடினார்.

"ஓய், பிள்ளைக்கு நீர் ரொம்ப வேண்டியவராச்சே. என்னையும் அழைச்சுண்டு போம். மாப்பிள்ளை மலைக்காட்டுல, விதுரா போலீஸ் ஸ்டேஷன்ல கிடந்து அல்லாடறார். இங்கே மாத்தல் வாங்கணும்."

திவான் காலத்தில், சர்க்காரை எதிர்த்துக் கூட்டம் போட்டுவந்த பிள்ளை தெருவுக்குள் வந்தாலே சேஷன் கதவைச் சாத்திக்கொள்வார். ஜன்னல் இடுக்கில் பார்த்தால், பிள்ளைக்குப் பத்தடி பின்னால் தவறாமல் நாகேஸ்வரன் வருவார். ஒரு சர்க்கார் கச்சேரி குமாஸ்தாவுக்கு இத்தனை துணிச்சலா என்று அப்போதே சேஷன் வியந்ததுண்டு.

"என்னைக் கண்டா அவர் என்ன சொல்வாரோ" என்று தயங்கிக்கொண்டேதான் நாகேஸ்வரன் கூட வந்தார்.

மந்திரியின் வீட்டில் சேஷன் கும்பிட்டு நின்றார். "அந்தக் காலத்திலேயே உங்க கூட்டம் ஒண்ணைக்கூட நான் விட்டதில்லை, சார்."

"அப்படியா?" மந்திரி நாகேஸ்வரனைப் பார்த்துச் சிரித்தார். "சாட்சியையும் கையோட கூட்டிட்டு வந்தது நல்லதாச்சு. வருஷக்கணக்கா என் பின்னால் அலைஞ்ச சி.ஐ.டி. இவர்தானே. சொல்லும் ஓய், இவரை எந்தக் கூட்டத்துல கண்டீர்?"